காப்பித்தூளில் தொடங்குங்கள்: நிறமாலைக் கருவிகளைப் புதிதாகத் தொடுபவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பெங்களூரு ஆய்வகத்துக்கு இரண்டு மூன்று பேர் புதிதாக வேலைக்கு வருவார்கள். பெரும்பாலும் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு ஓசூர் பஸ் ஏறி பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ வந்து இறங்குகிறவர்கள். கரைசலின் செறிவுக்கேற்ப ஒளி உறிஞ்சல் கூடும் என்கிற பியர்-லாம்பர்ட் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் படித்த இடத்தில் கருவி அறை பூட்டியே கிடந்திருக்கும், அல்லது கருவியை வேறொருவர் ஓட்டுவதைக் கைகட்டி நின்று பார்த்திருப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அக்கா, இதை அப்படியே எல்சி-எம்எஸ்ல போட்டுப் பாத்துடலாமா?" (கலவையைப் பிரித்து, பிரிந்தவற்றை எடை போடும் கருவி அது.)

"முதல்ல உக்காரு தம்பி. எதைப் பாக்கப் போறே, சொல்லு" என்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யும் பயிற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன். அல்சூர் மார்க்கெட் பக்கம் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. நூறு கிராம் கேட்டால், "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று தமிழிலேயே கேட்பார்கள். எண்பதுக்கு இருபது என்று சொல்லி வாங்கி வருவேன். சேர்மானம் நமக்குத் தெரிந்த சாம்பிள் என்பதால், கருவி சொல்வது சரியா தவறா என்று பார்க்க முடியும். புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிட நல்ல சாம்பிள் கிடையாது.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்தக் காப்பித்தூளில் என்ன இருக்கிறது?" என்பதற்கு எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியாது. வறுத்த காப்பியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. கேள்வியை உடைக்க வேண்டும். இதில் கஃபீன் எத்தனை சதவீதம்? சிக்கரி கலந்திருக்கிறதா? ஈயம் இருக்கிறதா? இவை மூன்றும் மூன்று வேறு வேலைகள், மூன்று வேறு வழிகள்.

இரண்டாவது கேள்விக்குக் கருவியே வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை தூளைத் தூவிப் பாருங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும். இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இந்த டம்ளர் போதும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்தான் ஆய்வகம் வேண்டும்.

கேள்வியைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-ல் சீனாவில் நடந்த பால்மாவு விவகாரத்தைத்தான் எப்போதும் சொல்வேன். பாலில் புரதம் எவ்வளவு என்று அளக்க, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவது நீண்ட காலப் பழக்கம். மெலமைனில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தால் சோதனையில் புரத அளவு சரியாக இருப்பதாக வரும். கருவி பொய் சொல்லவில்லை. நைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டார்கள், அது நைட்ரஜனைச் சொன்னது. குழந்தைகள் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள். உங்கள் நோட்டில் கேள்வியை எழுதும்போது, நான் அளக்கப்போவது கேட்ட பொருளையா, அதற்குப் பதிலாக வேறொன்றையா என்று ஒருமுறை நிதானியுங்கள்.

எந்தக் கருவி எதைச் சொல்லும்

நிறமாலையியல் என்றால் ஒளியை ஒரு பொருளின் மேல் விட்டு, எந்த அலைநீளத்தை அது விழுங்குகிறது, எதை உமிழ்கிறது என்று பார்ப்பது. ஒளியின் ஆற்றலைப் பொறுத்து மூலக்கூறின் வேறு வேறு பாகங்கள் பதில் சொல்கின்றன.

புற ஊதாவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் எலக்ட்ரான்களைத் தாவ வைக்கின்றன. யுவி-விசிபிள் கருவி எளியது, விலை குறைவு, அளவு சொல்வதில் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் ஆளை அடையாளம் காட்டாது. அதன் நிறமாலை அகலமான ஒரு மேடு, அவ்வளவுதான். கஃபீனுக்குத் தண்ணீரில் அந்த மேடு 273 நானோமீட்டரில் இருக்கும்.

அகச்சிவப்பு ஒளி வேதிப் பிணைப்புகளை அதிர வைக்கும். 1700 வேவ்நம்பருக்கு (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) பக்கத்தில் கூர்மையான இறக்கம் இருந்தால் கார்போனைல், அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, இருக்கிறது. 3200 முதல் 3600 வரை அகலமாக இறங்கினால் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு), அல்லது சாம்பிளில் ஈரம். புதியவர்கள் எங்களிடம் ஓடிவந்து காட்டும் 'புதுப் பீக்' பெரும்பாலும் 2350-க்குப் பக்கத்தில் இருக்கும். அது கருவிக்குள் உள்ள காற்றின் கார்பன் டை ஆக்சைடு. கருவி முன்னால் குனிந்து மூச்சு விட்டாலே அது ஏறும். சாம்பிள் வைக்காமல் எடுக்கும் பேக்கிரவுண்டைத் திரும்ப எடுத்தால் போய்விடும்.

ராமன் நிறமாலையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் உழைத்து, 1928 பிப்ரவரி 28 அன்று கண்டது அது. ஒற்றை நிற ஒளியை ஒரு திரவத்துக்குள் விட்டால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைச் சொல்லிவிடும். 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் பெங்களூரு வந்தவர், 1948-ல் இங்கேயே தன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, 1970-ல் மறையும்வரை இந்த ஊரில்தான் இருந்தார். இன்று மருந்துத் தொழிற்சாலைக் கிடங்குகளில் கையடக்க ராமன் கருவியோடு ஒருவர் நடந்துபோய், மூலப்பொருள் மூட்டையைப் பிரிக்காமலே, உள்ளிருக்கும் பாலிதீன் பையின் வழியாகவே லேசரைக் காட்டி, லேபிளில் உள்ளதுதான் உள்ளே இருக்கிறதா என்று சில நொடிகளில் பார்த்துவிடுகிறார். தண்ணீர் அதற்குத் தடையில்லை, கண்ணாடியும் தடையில்லை. ஆனால் காப்பித்தூளில் எடுபடாது. வறுத்த கறுப்புத் தூள் லேசர் பட்டால் தானே ஒளிர்ந்து ராமன் சிக்னலை மூழ்கடித்துவிடும். பவரைக் கூட்டினால் கருகும்.

என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு), சாம்பிளை வலுவான காந்தத்துக்குள் வைத்து ஒரு மூலக்கூறின் அமைப்பையே வரைந்து கொடுக்கிற கருவி. காப்பிக் கதையில் அதற்கும் ஒரு வேலை உண்டு. 16-ஓ-மெத்தில்கஃபெஸ்டால் என்ற சேர்மம் ரொபஸ்டா வகைக் காப்பியில் நிறைய, அராபிகா வகையில் மிக மிகக் குறைவு. அராபிகா என்று விற்கும் தூளில் ரொபஸ்டா கலந்திருக்கிறதா என்று என்எம்ஆரில் இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

உலோகங்களுக்குத் தனி வழி. அணு உறிஞ்சல் கருவியோ ஐசிபி என்ற பிளாஸ்மாக் கருவியோ வேண்டும். மூலக்கூறை முழுக்க உடைத்து அணுவாக்கி அளப்பவை இவை. நம் ஊரோடு சேர்ந்த ஒரு தகவலும் இங்கே சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-ன் பிரக்யான் ஊர்தி நிலவின் தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. லேசரால் மண்ணைச் சுட்டு, கிளம்பும் பிளாஸ்மாவின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. செய்தவர்கள் பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகத்தார். பீன்யா என்றால் லேத் பட்டறைகள் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நிறை நிறமாலைக் கருவி இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் ஒளி கிடையாது. மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து எடை போடுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சாம்பிள் எடுப்பது

இந்தப் படியில் தவறினால் கோடி ரூபாய்க் கருவியாலும் சரிசெய்ய முடியாது. நூறு கிராம் தூளில் நாம் கருவிக்குக் கொடுப்பது கால் கிராம்கூட இருக்காது. அந்தக் கால் கிராம் மொத்தத் தூளையும் பிரதிபலிக்க வேண்டும். பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். மாவு மாதிரியான துகள் அடியிலும் பருமனானவை மேலேயும் போயிருக்கும். மேலாக ஒரு ஸ்பூன் எடுக்காதீர்கள். சுத்தமான தாளில் கொட்டிக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் பாகங்கள் இரண்டை மட்டும் சேர்த்துத் திரும்பக் குவியுங்கள். வேண்டிய அளவு வரும்வரை இப்படியே செய்யுங்கள். களத்துமேட்டில் நெல்லைக் குவித்துப் பங்கு பிரித்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிது.

தண்ணீர் என்றால் பாட்டில்தான் முதல் கேள்வி. ஒயிட்ஃபீல்டில் ஒரு அடுக்ககத்திலிருந்து போர்வெல் தண்ணீரைக் குளிர்பான பாட்டிலில் பிடித்து வந்து, "பூச்சிமருந்து இருக்கா பாருங்க" என்றார் ஒருவர். திருப்பி அனுப்பினோம். உலோகம் பார்க்கப் பிளாஸ்டிக் பாட்டில், அதில் கொஞ்சம் தூய நைட்ரிக் அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரிமச் சேர்மங்கள் பார்க்கப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். ஆவியாகிறவற்றைப் பார்க்க, மேலே காற்றுக் குமிழியே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு மூன்று பாட்டில்.

கஃபீனை அளக்கலாம்

சரி, இனி கை வேலை. முதலில் யுவி-விசிபிள்.

200 மில்லிகிராம் தூளை நாலு தசம இடத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் போட்டுக் கொதிநிலைக்குப் பக்கத்தில் பதினைந்து நிமிடம் வைத்து, ஆறிய பிறகு வடிகட்டி, 250 மில்லி குடுவையில் கோடு வரை நிரப்புங்கள். ஏன் இந்த அளவு? அராபிகாவில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் ஏறக்குறைய 2. நம் தூளில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி, அதில் கஃபீனே கிடையாது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு எட்டிலிருந்து பதின்மூன்று மில்லிகிராம் வரும். கஃபீன் ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த சுத்தக் கஃபீன் கரைசல்) லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தால், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை ஊற்றும் சிறு சதுரக் குடுவை) உறிஞ்சல் சுமார் 0.5 காட்டும். அளப்பதற்கு அருமையான இடம் அது. உறிஞ்சல் 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் போகிறது. 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் கருவி காட்டும் எண்ணை நம்பாமல் சாம்பிளை நீர்க்கச் செய்யுங்கள். எடை எடுப்பதற்கு முன்பே இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

லிட்டருக்கு 2, 5, 10, 15, 20 மில்லிகிராம் என்று ஐந்து ஸ்டாண்டர்டு தயார் செய்து, செறிவுக்கு எதிராக உறிஞ்சலைக் கோடாக வரைந்து, அதில் சாம்பிளைப் பொருத்துங்கள். குவெட் குவார்ட்ஸாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி 273 நானோமீட்டர் ஒளியைத் தானே விழுங்கிவிடும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் குவார்ட்ஸ் குவெட்டின் மேல்பக்கம் உள்ள குறியைப் பாருங்கள். பளபளப்பான பக்கத்தை விரலால் தொடாதீர்கள், சொரசொரப்பான பக்கத்தைப் பிடியுங்கள்.

இப்போது எண் வந்துவிட்டது. நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் கூட. இங்கேதான் பயிற்சியே தொடங்குகிறது.

ஒற்றை அலைநீளத்தில் எடுத்த எண்ணை விட்டுவிட்டு, 220 முதல் 400 வரை முழு நிறமாலையை ஓட்டுங்கள். ஸ்டாண்டர்டில் 273-ல் அழகாக ஒரு மேடு, 300-க்கு மேல் தரைமட்டம். சாம்பிளிலோ 325-க்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய மேடு நிற்கும். அது குளோரோஜெனிக் அமிலம், காப்பியில் இயல்பாக உள்ளது. அதன் சரிவு 273 வரை நீண்டு கஃபீனின் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பேர் ஒரே தராசில் ஏறி நின்றால் ஒருவருடைய எடை எப்படித் தெரியும்? கருவி கூட்டுத்தொகையைத்தான் சொல்லும்.

ஆக, பிரிக்க வேண்டும். கரைசலைக் கொஞ்சம் காரமாக்கி, பிரிபுனலில் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானோடு சேர்த்துக் குலுக்கினால், கஃபீன் கீழ் அடுக்குக்குப் போகும், அமிலங்கள் தண்ணீரிலேயே நின்றுவிடும். பலமாகக் குலுக்கினால் பால் மாதிரி குழம்பிப் பிரியவே பிரியாது, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். இடையிடையே திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். முழுக்கப் புகை அலமாரிக்குள் செய்ய வேண்டிய வேலை இது. இல்லாவிட்டால் எச்பிஎல்சி. அதில் ஒரு எஃகுக் குழாய்க்குள் சாம்பிள் ஓடி, ஒவ்வொரு சேர்மமும் வேறு வேறு நிமிடத்தில் வெளியே வரும். அந்தக் குழாயை ஆய்வகத்தில் 'காலம்' என்போம். "காலம் முடிஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால், புதுக் குழாய் வாங்க வேண்டும் என்று பொருள்.

எடை போடும் கருவி

எல்சி-எம்எஸ்ஸுக்கு இப்போது வரலாம். காலத்திலிருந்து வரும் திரவத்தை ஒரு நுண்ணிய ஊசி வழியாக உயர் மின்னழுத்தத்தில் தெளிக்கிறார்கள். துளிகள் காய்ந்து காய்ந்து, கடைசியில் மின்னூட்டம் ஏறிய மூலக்கூறு மட்டும் மிஞ்சுகிறது. எலக்ட்ரோஸ்பிரே என்ற இந்த முறைக்காகத்தான் ஜான் ஃபென்னுக்கு 2002-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறையும் உடையாமல் எடைபோட இது வழி செய்தது.

கஃபீனின் மூலக்கூறு நிறை 194. தெளிக்கும்போது ஒரு புரோட்டான் ஒட்டிக்கொள்வதால் திரையில் 195 என்று வரும். பக்கத்திலேயே 217-ல் ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டியது. 195-ஐ மட்டும் பிடித்து வாயுவில் மோதவிட்டால் உடைந்து 138 வரும். காணாமல் போன 57, மெத்தில் ஐசோசயனேட். 195 என்ற எடை உள்ள சேர்மங்கள் ஏராளம். 195 ஆக வந்து, 138 ஆக உடைந்து, ஸ்டாண்டர்ட் வந்த அதே நிமிடத்தில் வருவது என்று மூன்றும் பொருந்தினால்தான் கஃபீன் என்று கையெழுத்துப் போடுவேன்.

எடையை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோம் என்பது முக்கியம். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், எத்திலீன் மூன்றுமே 28 தான். ஆனால் நாலு தசம இடத்துக்குப் போனால் 27.9949, 28.0061, 28.0313. அவ்வளவு நுணுக்கமான கருவியில் கஃபீன் 195.0877-ல் வர வேண்டும். 195.0881 என்று வந்தால் பிழை பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, நல்ல கருவிக்கு அது சரி. ஐசோடோப்புகளையும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களையும், பாருங்கள். ஒரு குளோரின் இருந்தால் இரண்டு எண் தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு துணைப் பீக் நிற்கும். புரோமின் என்றால் இரண்டும் ஏறக்குறையச் சம உயரம். பூச்சிமருந்து வேலையில் இந்த ஜோடியைப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு கூர்மையான கருவி ஏமாறுமா? ஏமாறும். 2018-ல் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் இருப்பது தெரியவந்து உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரைதான் அதற்கு அனுமதி. 320 மில்லிகிராம் மாத்திரை என்றால் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.3 பங்கு). பெங்களூரு மருந்து ஆய்வகங்களில் வேலை செய்கிற நிறையப் பேர் அதன்பிறகு இதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிஎம்எஃப் என்ற சாதாரணக் கரைப்பான் மாத்திரையில் மிச்சமிருந்து, காலத்திலிருந்து என்டிஎம்ஏ வரும் அதே நேரத்தில் அதுவும் வந்தால், டிஎம்எஃப்பின் கன ஐசோடோப்பும் என்டிஎம்ஏவும் முழு எண்ணில் ஒரே 75. கருவியின் நுணுக்கம் போதாவிட்டால் இல்லாத விஷம் இருப்பதாக அறிக்கை போகும். அதனால்தான் காலத்தில் நன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல், சாம்பிளில் உள்ள மற்றவை. காப்பிச் சாற்றில் உள்ள சர்க்கரையும் அமிலமும் கஃபீனோடு சேர்ந்து தெளிக்கப்பட்டால் மின்னூட்டத்துக்குப் போட்டி வரும், கஃபீன் சிக்னல் குறையும். சுத்தத் தண்ணீரில் போட்ட ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். மூன்று கார்பன்-13 அணுக்கள் உள்ள கஃபீனை எடை போட்டு ஆரம்பத்திலேயே சாம்பிளில் சேர்த்துவிடுவது இதற்கு நல்ல மருந்து. அது 198-ல் வந்து 140 ஆக உடையும். கஃபீனுக்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேரும். இரண்டின் விகிதம் மாறாது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருவி வகுப்பில் யாரும் சொல்லித்தராத பாடம் இது.

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எல்லா சாம்பிளிலும் ஒரே மாதிரி பீக்குகள். ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக 44. வேலிக்குக் கம்பு நட்ட மாதிரி வரிசையாக நின்றன. பிளாங்க், அதாவது சாம்பிள் இல்லாத வெறும் கரைப்பான், ஓட்டினோம், அதிலும் வேலி. கரைப்பானை மாற்றினோம், காலத்தை மாற்றினோம், ஊசியைக் கழற்றிக் கழுவினோம். இரண்டு நாள் போனது. 44 என்பது எத்திலீன் ஆக்சைடு அலகின் எடை. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்று நினைத்துக் கிரீம், சோப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தபோது, வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆன பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். குடுவைகளில் லேசாகக் கறை தெரிந்ததால், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் சோப்புத் திரவம் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். அக்கறையாகச் செய்த வேலை. நாங்கள்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அதிலிருந்து ஒரு நடைமுறை வைத்தோம். எம்எஸ் வேலைக்கான கண்ணாடிச் சாமான்கள் தனி அலமாரி, தனி நிற டேப். சோப்பு அருகில் வராது. தண்ணீர், அப்புறம் மெத்தனால், அப்புறம் உலர்த்துவது. கையில் கிரீம் பூசியவர்கள் கையுறை மாற்றாமல் சாம்பிள் குப்பியைத் தொடக் கூடாது. 391 என்று ஒரு பீக் பிடிவாதமாக வந்தால் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டைச் சந்தேகியுங்கள். ஜிசி-எம்எஸ்ஸில் (திரவத்துக்குப் பதில் வாயுவில் பிரிக்கும் கருவி) அதே குடும்பம் 149-ல் தலைகாட்டும். 207-ம் 281-ம் ஏறிக்கொண்டே போனால் ஜிசி காலத்தின் உட்பூச்சு கரைகிறது. எச்பிஎல்சியில் பழகிய கையோடு பாஸ்பேட் பஃபரை (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) எம்எஸ்ஸுக்கு விட்டுவிடாதீர்கள். அது ஆவியாகாமல் உள்ளே உப்பாகப் படிந்து, சுத்தம் செய்ய ஒரு நாள் தின்னும். ஃபார்மிக் அமிலமோ அம்மோனியம் அசிடேட்டோ போதும்.

ஒவ்வொரு பத்து சாம்பிளுக்கும் நடுவில் ஒரு பிளாங்க், ஒரு ஸ்டாண்டர்ட் வையுங்கள். எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க இது இல்லாமல் முடியாது.

ஈயம்

காப்பித்தூளை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவ் சூட்டில் தெளிந்த கரைசலாகும்வரை கரைத்து, ஐசிபி-எம்எஸ்ஸில் விட வேண்டும். ஆர்கான் பிளாஸ்மாவின் பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் எல்லாம் அயனியாகிவிடும். ஈயத்துக்கு 206, 207, 208 என்ற மூன்று ஐசோடோப்புகளையும் கூட்டிக் கணக்கிடுங்கள், ஏனென்றால் எந்தச் சுரங்கத்து ஈயம் என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். மஞ்சள் தூளில் நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கும் கொடுமையையும் இந்த வழியில் பிடிக்கலாம்.

ஆர்சனிக் பார்க்கும்போது மட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தள்ளி வையுங்கள். ஆர்கான் 40, குளோரின் 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்சனிக்கும் 75. ஹீலியம் விடும் அறை கருவியில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஒட்டிய ஜோடியின் வேகத்தை அது குறைத்து வடிகட்டிவிடும்.

எண்ணை எப்படி எழுதுவது

அறிக்கையில் 'இல்லை' என்று எழுதாதீர்கள். 'கண்டறியப்படவில்லை' என்று எழுதி, பக்கத்திலேயே எவ்வளவு வரை கண்டறிய முடியும் என்ற எல்லையையும் எழுதுங்கள். பின்னணி இரைச்சலைவிட மூன்று மடங்கு சிக்னல் இருந்தால் இருக்கிறது எனலாம், பத்து மடங்கு இருந்தால்தான் எண் சொல்லலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் முறையால் 0.05 வரைதான் பார்க்க முடியும் என்றால், 'கண்டறியப்படவில்லை' என்ற அறிக்கையை நம்பி ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மீட்பும் அவசியம். தெரிந்த அளவு கஃபீனைச் சாம்பிளில் சேர்த்து, எல்லாப் படிகளையும் தாண்டி எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கு எண்பது வந்தால் எங்கோ இருபது சிந்துகிறது. பெரும்பாலும் குலுக்கும் படியில்.

இப்போது சிக்கரிக்குத் திரும்புவோம். கஃபீன் ஒரு சதவீதம் என்று கிடைத்துவிட்டது, அதை வைத்துச் சிக்கரி எவ்வளவு என்று சொல்லிவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். முடியாது. அராபிகாவில் கொஞ்சம் சிக்கரி கலந்தாலும் ஒரு சதவீதம் வரும், ரொபஸ்டாவில் பாதிக்குப் பாதி சிக்கரி கலந்தாலும் ஒரு சதவீதம் வரும். சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிக்கரியில் இன்யூலின் என்ற ஃப்ரக்டோஸ் சங்கிலி நிறைய இருக்கிறது, காப்பியில் அது இல்லை. அந்தச் சர்க்கரைகளைத் தேடிப் போக வேண்டும். அது வேறு கேள்வி, வேறு முறை, நோட்டில் புதுப் பக்கம்.

பெங்களூருவில் கருவி நேரம் கிடைக்கும் இடங்கள்

உங்கள் ஆய்வகத்தில் எல்லாம் இருக்காது. ஐ-ஸ்டெம் என்ற அரசுத் தளத்தில் நாடு முழுக்க உள்ள ஆராய்ச்சிக் கருவிகளைத் தேடிப் பதிவு செய்யலாம், மாணவர்களும் சிறு நிறுவனங்களும்கூட. இந்திய அறிவியல் கழகத்தில் என்எம்ஆர் ஆய்வு மையம் இருக்கிறது. ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகப் பக்கம் உள்ள சி-கேம்ப் என்ற உயிரியல் ஆய்வு மையம் நிறை நிறமாலைச் சேவை தருகிறது. வெளி ஆய்வகத்துக்குச் சாம்பிள் அனுப்பினால் என்ஏபிஎல் என்ற ஆய்வகத் தர வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் கேட்கும் அந்தச் சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் பட்டியலைப் பாருங்கள். தண்ணீருக்கு வாங்கிய அங்கீகாரம் மசாலாத்தூளுக்குச் செல்லாது.

என்எம்ஆர் அறைக்குள் போகும்முன் ஏடிஎம் அட்டை, சாவி, கைக்கடிகாரம் எல்லாம் வெளியே. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உள்ளே போகவே கூடாது. திரவ நைட்ரஜன் கலனை லிஃப்டில் ஏற்றினால் கூட யாரும் ஏறாதீர்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் அந்தச் சின்ன அறையில் மூச்சுக்குக் காற்று மிஞ்சாது.

பயிற்சி முடிந்ததும் மிச்சமுள்ள தூளைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, வாங்கிய தேதி, கடை, சேர்மானம், உங்கள் பெயர் எழுதி ஒட்டி, சாம்பிள் அலமாரியில் வையுங்கள். நல்ல மணம் வரும். ஆனாலும் அதில் காப்பி போட்டுக் குடிக்காதீர்கள். ஆய்வகத்துக்குள் வந்த தூள் இனிமேல் சாம்பிள்தான். காப்பி வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே டீக்கடை இருக்கிறது, நானும் வருகிறேன்.